குழாய் வில் மடிந்தது எங்கே?

விஜயதசமியான மகர்நோன்பு அன்று சுவாமி அம்பு போடுவதைப் பார்த்துவிட்டு, எனக்கும் வில் வேண்டும் என்று மகன் பிடிவாதம். காரைக்குடி வீட்டில் பிளம்பிங் வேலையில் மிஞ்சிய முக்கால் இஞ்ச் பிவிசி பைப் கிடந்தது. ஐந்தடி அறுத்து, முனைகளில் வெட்டுப் போட்டு நைலான் கயிறு கட்டினேன். நாலாவது இழுப்பிலேயே நடுவில் மடிந்து வெள்ளைக் கோடு விழுந்தது.

யோசித்தால், தப்பு என்னுடையதுதான். குழாய் முழுக்க ஒரே பருமன். பாரமெல்லாம் கைப்பிடியில்தான் இறங்கும்.

அடுத்த குழாயில் நடுவே ஒரு சாண் உருண்டையாகவே விட்டேன். மீதியை முற்றத்தில் கரியடுப்புக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் உருட்டிக்கொண்டே காட்டினேன். கருகினால் வரும் புகை ஆகாது, அதனால் திறந்தவெளி. கொஞ்ச நேரத்தில் ஊறிய அப்பளம் மாதிரி துவண்டது. இரண்டு பலகைக்கு நடுவே வைத்து, முனைப்பக்கம் எளிதில் வளையட்டும் என்று அங்கே அதிகமாகத் தட்டையாகும்படி சாய்த்து அழுத்தி, ஈரத்துணி போட்டேன். "ஆத்தங்குடிக் கல்லுல சூடு வைக்காதடா" என்று தரை ஓட்டை நினைத்து அப்பத்தா சத்தம்.

நைலான் நீண்டு தொய்ந்ததால் பாலியஸ்டர் நூலை முறுக்கி நாண் ஆக்கினேன். இப்போது வளைவு முனைவரை சீராகப் போகிறது. நாணோடு வெயிலில் வைத்தால் வளைந்தே நின்றுவிடும். அப்புறம் விசை இருக்காது. ஆடி முடித்ததும் கழற்றி, பட்டாலை (வீட்டு முன்கூடம்) தூணில் சாய்த்துவிடுகிறோம்.