பீஜிக்குக் கப்பலேறிய தாத்தாவின் ஊரைத் தேடி வருபவர்களுக்கு

நான் ஆற்காடு தாலுகாவில் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். பீஜியிலிருந்தும், அங்கிருந்து ஆஸ்திரேலியா போய்விட்ட குடும்பங்களிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். "எங்க பாட்டன் ஊர் நார்த் ஆர்க்காட்" என்பார்கள், அதாவது பழைய வட ஆற்காடு ஜில்லா. கையில் ஒரே ஒரு தாள் இருக்கும். அதை வைத்து எப்படித் தேடுவது என்று எழுதி வைக்கிறேன்.

முதலில் வருஷத்தைச் சரிபாருங்கள். பீஜிக்கு ஒப்பந்தக் கூலிகளோடு போன முதல் கப்பல் லியோனிடாஸ். 1879 மே மாதம் போய்ச் சேர்ந்த பாய்மரக் கப்பல் அது, புறப்பட்டது கல்கத்தாவிலிருந்து. சென்னையிலிருந்து நம் ஆட்கள் நேராகப் போனது 1903 முதல் 1916 வரை, பெரும்பாலும் நீராவிக் கப்பல்களில். 1880-லேயே போனார் என்று வீட்டில் சொன்னால், அவர் போனது தென்னாப்பிரிக்காவின் நேட்டாலாகவோ மொரீஷியஸாகவோ இருக்கலாம். அதையும் கேளுங்கள்.

அடுத்தது எமிக்ரேஷன் பாஸ், அதாவது கப்பலேறிய ஒவ்வொரு கூலிக்கும் எழுதிய அடையாளச் சீட்டு. கப்பல் பெயர், வருஷம், பாஸ் எண் இந்த மூன்றும் தெரிந்தால் சுவாவில் இருக்கும் பீஜி தேசிய ஆவணக் காப்பகத்தில் கேட்கலாம். வயது, அப்பா பெயர், சாதி, உயரம், உடம்பில் உள்ள அடையாளம், ஜில்லா, தாலுகா, கிராமம், நெருங்கிய உறவு எல்லாம் அதில் இருக்கும். போட்டோ கிடையாது. ஒரு அம்மா தன் பாட்டனின் பாஸை என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படித்தார். "இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு" என்ற வரி வந்ததும் நிறுத்திவிட்டார். பாட்டனைப் பற்றி அவருக்குக் கிடைத்த முகம், உருவம் எல்லாம் அந்த ஒரு வரிதான்.

ஜில்லா பெயரில்தான் பலர் தவறுகிறார்கள். 1911-ல் சித்தூர் தனி ஜில்லா ஆனது. அதற்கு முந்தைய பாஸில் 'நார்த் ஆர்க்காட்' என்று இருந்தால், ஊர் இன்றைக்கு ஆந்திராவில் இருக்கலாம். திருப்பத்தூர் தாலுகா அப்போது சேலத்தில் இருந்தது, திருவண்ணாமலை தென்னாற்காட்டில். நான் ஒருமுறை தாலுகாவைப் பார்க்காமல், ஊர்ப் பெயர் ஒத்துப்போகிறது என்று ஒரு குடும்பத்தை வேறொரு புதூருக்குக் கூட்டிப் போய்விட்டேன். அவர்கள் அங்கே அம்மனுக்குப் பொங்கலும் வைத்துவிட்டார்கள். சரியான ஊர் சித்தூர்ப் பக்கம் என்று பிறகுதான் தெரிந்தது. இன்றுவரை மனசு உறுத்துகிறது.

ஊர்ப் பெயரைக் கண்ணால் படிக்காதீர்கள், வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். குமாஸ்தா காதில் விழுந்ததை இங்கிலீஷில் எழுதியிருப்பார். 'வாண்டிவாஷ்' என்றால் வந்தவாசி, 'கேவரிபாக்' என்றால் காவேரிப்பாக்கம். சின்ன கிராமம் என்றால் இன்னும் சிதைந்திருக்கும். தாலுகாவின் வருவாய் கிராமப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, உள்ளூர்க்காரர் ஒருவரிடம் நாலு விதமாக உச்சரித்துக் காட்டுங்கள். வீட்டுக்குத் தெரியாமல் கிளம்பிய சிலர் பெயரையும் ஊரையும் மாற்றிச் சொன்னதும் உண்டு. அப்படியிருந்தால் பட்டியல் உதவாது.

ஊருக்குப் போனதும் பட்டா, சிட்டா என்று ஆரம்பிக்காதீர்கள். கப்பலேறியவர்களில் பலருக்கு நிலமே கிடையாது. கோயில் பக்கம் போய், வயசானவர்களிடம் அப்பா பெயரையும் குலதெய்வத்தையும் சொல்லி விசாரியுங்கள். 'பீஜி' என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. "உங்க வீட்ல கப்பலுக்குப் போனவங்க, காணாமப் போனவங்க யாராவது உண்டா?" என்று கேளுங்கள். இங்கே இருப்பவர்களுக்கு அவர் போன இடம் தெரியாது, திரும்பி வரவில்லை என்பது மட்டும்தான் தெரியும்.

முதல் நாளே யாரும் பிடிபடாமல் போகலாம். கிளம்பும் முன் பாஸின் நகல் ஒன்றையும் உங்கள் போன் நம்பரையும் பூசாரியிடமும் டீக்கடையிலும் கொடுத்துவிட்டு வாருங்கள். அந்தத் தழும்புக்காரரின் தம்பி பேரன் கூப்பிட்டது இரண்டு மாதம் கழித்து, டீக்கடை போனிலிருந்துதான்.