பச்சைத் திரையிலிருந்து பிரவுசருக்கு: ஏஎஸ்/400-இல் வழுக்கும் இடங்கள்

1988-இல் ஏஎஸ்/400 என்று வியாபார நிறுவனங்களுக்காக ஐபிஎம் இறக்கிய மெஷினின் வழித்தோன்றலுக்கு இன்று ஐபிஎம் ஐ என்று பெயர். நடுவில் ஐசீரீஸ், சிஸ்டம் ஐ என்றெல்லாம் மாற்றிப் பார்த்தார்கள். பழகியவர்கள் வாயில் இன்னும் ஏஎஸ்/400தான். அதில் வெப் அப்ளிகேஷன் என்றதுமே முதல் மீட்டிங் "ஜாவாவா, பிஎச்பியா, நோட்.ஜேஎஸ்ஸா?" என்ற பட்டிமன்றமாகிவிடும். மூன்றும் அந்த மெஷினிலேயே ஓடும், பைத்தானும் ஓடும். முதலில் பார்க்க வேண்டியது வியாபார விதிகள் எங்கே உட்கார்ந்திருக்கின்றன என்பதை.

பெரும்பாலும் அவை ஆர்பிஜி என்ற அந்த மெஷினின் பழைய மொழியில் எழுதிய புரோகிராமுக்குள் இருக்கும். ஆர்டருக்கான பச்சைத் திரையை, அதாவது எழுத்து மட்டும் தெரியும் பழைய டெர்மினல் ஸ்கிரீனை, காட்டுகிற அதே புரோகிராம்தான் கடன் வரம்பையும் பார்க்கும், ஸ்டாக்கையும் கழிக்கும். இதைக் கண்டு மிரண்டு எல்லாவற்றையும் ஜாவாவில் புதிதாக எழுதுவதுதான் நான் பார்த்ததிலேயே காஸ்ட்லியான தவறு. ஒரு விநியோக நிறுவனத்துக்கு நாங்களே அப்படிச் செய்தோம். வரம்பு தாண்டிய ஆர்டர்கள் வெப்பில் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தன. பழைய புரோகிராம், பணமாகாத செக்குகளையும் பாக்கியில் சேர்த்துத்தான் வரம்பைப் பார்த்தது. அந்த நாலு வரி யார் கண்ணிலும் படவில்லை. அந்தக் கணக்கை மட்டும் பிரித்து சர்வீஸ் புரோகிராமாக்கி (மற்ற புரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளும் பொதுத் தொகுப்பு), ஸ்டோர்டு புரொசீஜர் (டேட்டாபேஸ் வழியாகக் கூப்பிடும் புரோகிராம்) வழியாகக் கூப்பிட்டிருந்தால் பச்சைத் திரைக்கும் வெப்புக்கும் ஒரே விதி இருந்திருக்கும். அப்புறம் முன்பக்கத்தை எந்த மொழியில் எழுதினால் என்ன?

அடுத்த வழுக்கல், ஜாப். மெஷினில் ஓடும் ஒவ்வொரு வேலையும் ஒரு ஜாப். பச்சைத் திரையில் ஆளுக்கொரு ஜாப், அவரவர்க்கு ஒரு க்யூடெம்ப், அதாவது அந்த ஜாபுக்கு மட்டுமான தற்காலிக இடம். வெப்பில் கனெக்ஷன் பூல் (திறந்தே வைத்துப் பலரும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் டேட்டாபேஸ் இணைப்புகள்) வைத்தால் ஒரே ஜாப் பலருக்கு மாறி மாறி வேலை செய்யும். போனவர் க்யூடெம்பில் விட்டுப்போன தற்காலிக ஃபைல் அடுத்தவருக்குக் காத்திருக்கும். சோதனையில் ஒருவரே உட்கார்ந்து பார்ப்பதால் இது மாட்டாது. அதற்காகப் பூலையே விட்டுவிட்டு ஒவ்வொரு கிளிக்குக்கும் புதுக் கனெக்ஷன் திறக்காதீர்கள், மெஷின் திணறும்.

ரெக்கார்டு பூட்டும் அப்படித்தான். பயனர் திருத்தி முடிக்கும்வரை பூட்டி வைத்திருப்பது பச்சைத் திரைப் பழக்கம். பிரவுசரில் அவர் டேபை மூடிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார். ஃபைலின் இயல்பான அமைப்பில் அடுத்தவர் 60 வினாடி காத்திருந்து பிழை வாங்குவார். சேமிக்கும் நொடியில் மட்டும் பூட்டி, படித்த பிறகு யாராவது மாற்றியிருக்கிறார்களா என்று ஒப்பிட்டால் போதும்.

வெப் சர்வரைத் தனி மெஷினில் வைக்கலாமா? தாராளமாக. ஆனால் ஒரு பக்கத்துக்கு 200 தடவை எஸ்கியூஎல் (டேட்டாபேஸ் கேள்வி) போய் வராமல், ஒரே புரொசீஜரில் எல்லாவற்றையும் வாங்குங்கள். ஒரே மெஷின் என்றால் மாதக்கடைசியில் மொத்தமாக ஓடும் பேட்ச் வேலையோடு மோதாதபடி வெப்புக்குத் தனி சப்சிஸ்டமும் (ஜாப்கள் ஓடும் தனிப் பகுதி) தனி மெமரி பூலும் கொடுங்கள்.

கடைசியாக எழுத்துக்குறி. பழைய ஃபைல்களில் சிசிஎஸ்ஐடி (எழுத்துகள் எந்தக் குறியீட்டில் இருக்கின்றன என்று சொல்லும் எண்) 65535 என்று இருந்தால் 'மாற்றாதே' என்று பொருள்; ஜாவா டேட்டாபேஸைத் தொடும் வழியான ஜேடிபிசியில் பெயருக்குப் பதில் ஹெக்ஸ் எண்கள் வரும். தமிழ்ப் பெயர்கள் வாங்கும் கட்டத்துக்கு 37 (லத்தீன் எழுத்துகளுக்கானது) ஆகாது. 1208 (யுடிஎஃப்-8) வைத்தால் அகலத்தையும் கூட்டுங்கள்: 'முத்துலட்சுமி' என்ற பெயருக்கே 39 பைட் வேண்டும், பழைய கட்டத்தில் இருப்பதோ 30.