மதர்போர்டில் உப்பிய கெப்பாசிட்டரை மாற்றும் முறை

கணினி அடிக்கடி தானாக நின்றுபோனால், மதர்போர்டில் பிராசசரைச் சுற்றி நிற்கும் கெப்பாசிட்டர்களின் (மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் சிறு உருளைகள்) தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டிய உச்சி உப்பியிருந்தாலோ, பழுப்பு நிறக் கசிவு தெரிந்தாலோ அவற்றை மாற்றியே ஆக வேண்டும். 2000-களின் தொடக்கத்தில் வந்த பலகைகளில் இந்தக் கோளாறு மிகப் பரவலாக இருந்தது.

மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் புதிய கெப்பாசிட்டரை வாங்கும்போது 6.3 வோல்ட், 1500 மைக்ரோஃபாரட் என்று பழையதில் உள்ளபடி கேட்டால் மட்டும் போதாது. 105 டிகிரி தாங்கும் ‘லோ ஈ.எஸ்.ஆர்.’ (உள் மின்தடை குறைந்த) வகைதானா என்றும் உறுதி செய்யுங்கள். சாதாரண வகையும் அந்த இடத்தில் பொருந்தும், ஆனால் சூடேறிச் சீக்கிரமே கெட்டுவிடும். வோல்ட் கூடலாம், குறையக் கூடாது.

மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, கழற்றுமுன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உருளையின் பக்கவாட்டுக் கோடு எதிர்முனையை (மைனஸ்) குறிக்கும். பலகையில் கெப்பாசிட்டருக்கான வட்டத்தின் ஒரு பாதியில் அச்சிட்ட நிழலோ எல்லா நிறுவனத்திலும் ஒரே பொருள் தருவதில்லை. பல அடுக்குப் பலகை வெப்பத்தை உறிஞ்சிவிடுவதால், 60 வாட் சால்டரிங் அயனால் பழைய ஈயத்தின்மேல் புது ஈயம் சிறிது சேர்த்து உருக்கி, ஒரு கால், மறு கால் என மாற்றி மாற்றிச் சாய்த்து மெல்ல எடுங்கள். வலுவாக இழுத்தால் துளையின் உட்பூச்சு பிய்ந்துவிடும். நான் மிகவும் அஞ்சுவது இதற்குத்தான். அடைபட்ட துளையைச் சூடாக இருக்கும்போதே, ஈயம் ஒட்டாத எவர்சில்வர் ஊசியால் திறக்கலாம்.