2 லட்சம் கிலோமீட்டர் ஓடிய பழைய இன்னோவா: வாங்கலாமா, விட்டுவிடலாமா? முடிவு செய்யும் முறை

2005 முதல் 2016 வரை இங்கே விற்ற 2.5 லிட்டர் டீசல் இன்னோவாவுக்குப் பழைய கார் சந்தையில் இன்றும் நல்ல கிராக்கி. மீட்டரில் 2 லட்சத்தைப் பார்த்ததும் பின்வாங்குகிறவர்கள் ஒரு பக்கம். "இன்னோவாதானே, 5 லட்சம் ஓடும்" என்று அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு பேருமே அவசரப்படுகிறார்கள். நேரத்துக்கு ஆயில் மாற்றியிருந்தால் இந்த எஞ்சின் நீண்ட நாள் உழைக்கும். ஆனால் அதைச் சுற்றியுள்ள பெல்ட், டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர், கிளட்ச், சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ் எல்லாவற்றுக்கும் ஆயுள் உண்டு. அவற்றில் எதையெல்லாம் விற்பவர் மாற்றிவிட்டார், எதெல்லாம் உங்கள் தலையில் விழப்போகிறது? வண்டி பார்க்கப் போவது இதைத் தெரிந்துகொள்ளத்தான்.

படி 1: வீட்டில் இருந்தபடியே ஆர்.சி.யைப் பாருங்கள்

வண்டி எண்ணை வாங்கி, அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாஹனில் போடுங்கள். எத்தனையாவது ஓனர், எச்.பி. (வண்டி மீது கடன் இருப்பதற்கான பதிவு) போட்டிருக்கிறதா, இன்ஷூரன்ஸ் எதுவரை, பதிவு எந்தத் தேதியில் முடிகிறது என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். நிலுவையிலுள்ள அபராதங்களை இ-சலான் பக்கத்தில் தனியாகப் பாருங்கள். சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுக்குத்தான். அதன் பிறகு எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டி 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2012 மாடலை இன்று வாங்கினால் அந்தச் செலவு கையெட்டும் தூரத்தில் நிற்கிறது என்று அர்த்தம்.

டெல்லிப் பதிவு வண்டிகள் மலிவாக வரும். 10 ஆண்டைத் தாண்டிய டீசல் வண்டிகள் டெல்லியில் ஓடக் கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் உத்தரவு போட்ட பிறகு அவை தெற்கே வரத் தொடங்கின. என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), மறுபதிவு, இங்கே கட்ட வேண்டிய ஆயுள் வரி மூன்றையும் கூட்டிப் பார்த்தால் அந்த மலிவு பெரும்பாலும் கரைந்துவிடும்.

படி 2: மீட்டரை நம்பாதீர்கள், ரசீதை நம்புங்கள்

டிஜிட்டல் மீட்டரில் கிலோமீட்டரைக் குறைப்பது லேப்டாப் வைத்திருப்பவருக்குச் சில நிமிட வேலை. அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் விட்ட வண்டி என்றால், ஒவ்வொரு சர்வீஸின் தேதியும் கிலோமீட்டரும் அங்கே பதிவாகியிருக்கும். அந்தப் பட்டியலை விற்பவரையே வாங்கித் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் மீட்டர் காட்டும் எண்ணைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள்.

அடுத்து வண்டியின் தேய்மானத்தைப் பாருங்கள். 90,000 என்று மீட்டர் சொல்ல, கிளட்ச் பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்து, டிரைவர் சீட்டின் கதவோர விளிம்பு அமுங்கி, ஸ்டியரிங் பளபளத்தால் எண் பொய்.

டாக்ஸியாக ஓடியதா என்பதையும் பாருங்கள். மஞ்சள் போர்டை ஓன் போர்டாக மாற்றிய இன்னோவாக்கள் ஏராளம். கூரையில் கேரியர் மாட்டிய ஓட்டை, பக்கவாட்டில் ஸ்டிக்கர் உரித்த பசைக்கோடு, பம்பரில் ஒளிர்பட்டை ஒட்டியிருந்த தடம் இவை காட்டிக்கொடுக்கும். டாக்ஸி என்பதாலேயே ஒதுக்க வேண்டாம். நெடுஞ்சாலையில் சீராக ஓடிய 2 லட்சம், நகர நெரிசலில் நின்று நின்று ஓடிய 1 லட்சத்தைவிட எஞ்சினுக்கு நல்லது. மறைத்தால்தான் பிரச்சினை, ஒன்றை மறைத்தவர் மற்றதையும் மறைப்பார்.

படி 3: ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள்

காலையில் போங்கள். "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். ஸ்டார்ட் ஆகத் திணறும் வண்டியை முன்கூட்டியே சூடாக்கி வைப்பது பழைய தந்திரம்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். டீசல் எஞ்சின் ஆயில் கறுப்பாகத்தான் இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பால் காபி நிறத்தில் நுரை படிந்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். எஞ்சினின் மேல்பகுதியை அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு உண்டு. கூலன்ட் டப்பாவில் எண்ணெய்ப் படலம் மிதந்தாலும் அதே சந்தேகம்தான். சூடான ரேடியேட்டர் மூடியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள்.

இப்போது ஸ்டார்ட் செய்து ஒருவரைப் பின்னால் நிறுத்துங்கள். ஆக்சிலரேட்டரைத் தொடாமல் 5 நிமிடம் ஐடிலில் விட்டு, பிறகு ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதியுங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது: பிஸ்டன் ரிங், வால்வ் சீல், டர்போ மூன்றில் ஒன்று. கரும்புகை தொடர்ந்து வந்தால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம் பாய்கிறது: ஏர் ஃபில்டர், கரி அடைத்த இ.ஜி.ஆர். (புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பும் வால்வ்), இன்ஜெக்டர். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் கூலன்ட் எரிகிறதா, இன்ஜெக்டர் சரியாகத் தெளிக்கவில்லையா என்று மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

ஐடிலில் ஓடும்போதே ஆயில் மூடியைத் தளர்த்தி அப்படியே மேலே வையுங்கள். லேசாக அசைந்தால் பரவாயில்லை. துள்ளி விழுந்து, துவாரத்திலிருந்து புகை குப்குப்பென்று வந்தால் ரிங் தேய்ந்து, சிலிண்டரின் அழுத்தம் (கம்ப்ரஷன்) கீழே கசிகிறது. அந்த வண்டியை அங்கேயே விட்டுவிடுங்கள். எஞ்சினைப் பிரித்தால் செலவு எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

படி 4: டைமிங் பெல்ட்டும் இன்ஜெக்டரும்

வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்தில் ஓட வைக்க இந்த எஞ்சினில் டைமிங் செயின் கிடையாது, பெல்ட்தான். 1,50,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அந்தக் கணக்கு வந்ததும் மீட்டரில் டி-பெல்ட் விளக்கு எரியும். பெல்ட்டை மாற்றாமலே விளக்கை மட்டும் அணைக்க முடியும் என்பதால், விளக்கு எரியவில்லை என்பது எதையும் நிரூபிக்காது. பெல்ட், டென்ஷனர், பேரிங் மாற்றிய ரசீதைக் கேளுங்கள். ஓட்டத்தில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும், ஹெட்டையே கழற்ற வேண்டிவரும். ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

இன்ஜெக்டரைக் காதால் மட்டும் கண்டுபிடிக்க முடியாது. டொயோட்டா ஸ்கேனர் உள்ள மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோய், எஞ்சின் சூடான நிலையில், ஐடிலில், நான்கு சிலிண்டரின் இன்ஜெக்ஷன் ஃபீட்பேக் அளவையும் (ஒவ்வொன்றுக்கும் கம்ப்யூட்டர் டீசலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்பதை) படிக்கச் சொல்லுங்கள். −3 முதல் +3 வரை இருக்க வேண்டும். மூன்று சிலிண்டர் 1-க்குள் நிற்க, நான்காவது 4-ஐத் தாண்டினால் அந்த இன்ஜெக்டர் போகப்போகிறது. ஐடில் ஏறி இறங்கினாலோ, சிக்னலில் வண்டி ஆஃப் ஆனாலோ டீசல் பம்பில் உள்ள சக்‌ஷன் கன்ட்ரோல் வால்வையும் பார்க்கச் சொல்லுங்கள்.

படி 5: ஓட்டிப் பாருங்கள்

பாட்டை அணைத்து, கண்ணாடியை இறக்கி, குறைந்தது 20 கி.மீ. ஓட்டுங்கள். மூன்றாவது கியரில் 40-ல் போகும்போது முழுதாக மிதியுங்கள். வேகம் கூடாமல் ஆர்.பி.எம். மட்டும் ஏறினால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. இது பின்சக்கர ஓட்டம் என்பதால், ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு மாற்றி நகர்த்தும்போது அடியில் 'டங்' என்று கேட்டால், சக்தியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் புரொபெல்லர் ஷாஃப்ட்டின் ஜாயின்ட்டைச் சந்தேகியுங்கள். 60-80 வேகத்தில் காலை எடுத்ததும் பின்னாலிருந்து முனகல் வந்தால் கிரவுன் (பின் ஆக்சிலின் பல்சக்கரம்). வளைவில் கூடிக் குறையும் 'ஊ' சத்தம் வீல் பேரிங். ஏ.சி.யைப் பின்வரிசையிலும் உட்கார்ந்து பாருங்கள்.

திரும்பி வந்ததும் எஞ்சினுக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து 15 நிமிடம் நிறுத்துங்கள். புதிதாகக் கழுவிய எஞ்சின் எதைக் காட்டாவிட்டாலும் அட்டை காட்டும்.

படி 6: வெள்ளம், விபத்து

2015, 2023 டிசம்பர்களில் சென்னையில் மூழ்கிய கார்கள் கொஞ்சநஞ்சமல்ல. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். அடிப்பகுதியில் மண்கறை நிற்கும். சீட் தண்டவாளத் துருவையும் கம்பளத்துக்கு அடியிலுள்ள வண்டலையும் பாருங்கள். மூழ்கிய வண்டியை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம். வயரிங் கோளாறு தீராது. சேஸியில் வெல்டிங் தெரிந்தாலும், அடித்திருக்கும் எண் ஆர்.சி.யோடு பொருந்தாவிட்டாலும் அதே முடிவுதான்.

படி 7: விலை, பெயர் மாற்றம்

பெல்ட், கிளட்ச், இன்ஜெக்டர், புஷ், டயர், பேட்டரி என்று அடுத்த ஓராண்டில் செய்ய வேண்டியவற்றுக்கு மெக்கானிக்கிடம் எழுத்தில் எஸ்டிமேட் வாங்குங்கள். டயரின் வயதைப் பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்கம் சொல்லும்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். கேட்கும் விலையோடு எஸ்டிமேட்டைக் கூட்டுங்கள். அதே தொகைக்குக் குறைவாக ஓடிய, பில் உள்ள இன்னொரு இன்னோவா கிடைக்கிறது என்றால் அதைப் போய்ப் பாருங்கள்.

பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்குங்கள். எச்.பி. இருந்தால் வங்கியின் என்.ஓ.சி.யும், கடன் பதிவை நீக்கும் படிவம் 35-ம் கைக்கு வரும்வரை முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டாம். பெயர் மாற்றத்துக்கு 30 நாளுக்குள்ளும், இன்ஷூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாளுக்குள்ளும் விண்ணப்பியுங்கள். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் எடுக்காததற்கான தள்ளுபடி) வண்டியோடு வராது. அந்தத் தள்ளுபடிக்கான பிரீமியத்தை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும் என்பதையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.