புல்-அப் கம்பி வழுக்கியதற்கு வார்னிஷ் காரணமில்லை

கதவு நிலைக்கு நடுவில் வைத்துத் திருகி இறுக்குகிற புல்-அப் கம்பி; அதாவது, தொங்கியபடி உடலை மேலே இழுக்கிற உடற்பயிற்சிக்கானது. ஆணி, ஸ்குரூ எதுவும் வேண்டாம். முதல் நாள் நன்றாகத்தான் நின்றது. மறுநாள் நாலாவது புல்-அப் எடுக்கும்போது ஒரு முனை சரக்கென்று அரை அங்குலம் இறங்கியது.

வார்னிஷ் வழுக்குகிறது என்று நினைத்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். பயனில்லை. ரப்பர் முனைக்கு அடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி வைத்தேன், அதுவும் நசுங்கி நகர்ந்தது. இன்னும் பலமாக இறுக்கியதில் நிலையை ஒட்டிச் சுவர்ப் பூச்சு விரிசல் விட்டதுதான் மிச்சம். ஐந்து நாள் இப்படியே போனது.

கடைசியில் கம்பியின் வெளிக்குழாயும் அதற்குள் திருகி நுழைகிற உள்தண்டும் சேரும் இடத்தில், இரண்டின் மேலும் போகிற மாதிரி பென்சிலால் ஒரே கோடு இழுத்தேன். ஐந்து புல்-அப் எடுத்துவிட்டுப் பார்த்தால் கோடு இரண்டாகப் பிரிந்து ஒரு விரற்கடை விலகியிருந்தது. ஏறி இறங்கும்போது கை குழாயை ஒரே பக்கமாகத் திருகிக்கொண்டே இருக்கிறது. ஹாலைப் பார்த்துத் தொங்கினால் அது தளர்கிற பக்கம். மறுபக்கம் திரும்பி, அறையைப் பார்த்துத் தொங்கியபோது கம்பி கொஞ்சமும் தளரவில்லை!

கம்பியைக் கழற்றி, இடப்பக்க முனையை வலப்பக்கமாக மாற்றிப் போட்டேன். அவ்வளவுதான். இப்போது ஏற ஏற இறுகுகிறது. இரண்டு வாரமாக நிம்மதி.

பென்சில் கோட்டை அழிக்கவில்லை. தொங்குவதற்கு முன் அதை ஒரு தடவை பார்த்துவிடுகிறேன். அறைப் பக்கம் பார்த்து யாரும் தொங்கக் கூடாது என்று தம்பியிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.