வாசலுக்கு ஒரு ரூன் காப்பு: முதன்முதலாகச் செய்பவர்களுக்கு

ரூன் என்பது வட ஐரோப்பாவில் முற்காலத்தில் மரத்திலும் கல்லிலும் பொறித்த எழுத்து. அதைப் பொறித்துக் காவலுக்காக வைத்துக்கொள்ளும் பொருள்தான் ரூன் காப்பு. அப்படி இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவது எட்டுக் கைகள் நீட்டிய ஒரு வட்டச் சின்னம். வெக்விசிர் என்று பெயர். வைக்கிங், அதாவது பழைய ஸ்காண்டிநேவியக் கடலோடிகள், காலத்துக் காப்பு என்று சொல்லித்தான் விற்கிறார்கள். ஆனால் அது காணப்படுவது 1860-ல் ஐஸ்லாந்தில் எழுதப்பட்ட ஒரு கையெழுத்துப் பிரதியில். வைக்கிங் காலம் முடிந்து சுமார் 800 ஆண்டுகள் கழித்து! அது ரூன் எழுத்துகூட இல்லை. எனவே அதை விட்டுவிட்டு, ரூன் எழுதிய பழைய மக்கள் தங்கள் கையாலேயே பொறித்த ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். செதுக்க ஒரு மாலைப்பொழுது இருந்தால் போதும்.

முதலில் சொல்

நாம் பொறிக்கப்போகும் சொல் 'அலு'. ரூனில் அ, ல, உ என்று மூன்றே எழுத்து. 5, 6ஆம் நூற்றாண்டுகளில் ஸ்காண்டிநேவிய மக்கள் மெல்லிய தங்கத் தகட்டில் பதக்கம் செய்து கழுத்தில் அணிந்தார்கள். அந்தப் பதக்கங்களில் இந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது. தென் ஸ்வீடனில் கிடைத்த லிண்ட்ஹோம் எலும்புத் தாயத்தில் வரிசையாக எட்டு 'அ', பிறகு வேறு எழுத்துகள் என்று போய், கடைசியில் 'அலு' என்று முடிகிறது. பார்லி மதுவைக் குறிக்கும் சொல் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள், வேறு விளக்கங்களும் உண்டு. காப்புச் சொல்லாகப் புழங்கியது என்பதைப் பெரும்பாலோர் ஏற்கிறார்கள். எனக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது.

கடவுள் பெயரோடு செய்ய விரும்புபவர்களுக்கும் முன்மாதிரி இருக்கிறது. ஸ்வீடனின் ஓலாண்ட் தீவில் கிடைத்த குவின்னபி செப்புத் தகடு 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இடிக்கடவுள் தோர் தன் சுத்தியலால் இவனைக் காக்கட்டும் என்று அதில் வேண்டுதல் பொறித்திருக்கிறார்கள். ஆனால் அது நீளமான வாசகம், பிற்காலத்து 16 எழுத்து வரிசையில் உள்ளது. முதல் முயற்சிக்கு வேண்டாம்.

'அல்கிஸ்', 'ஓதலா' என்ற இரண்டு ரூன்களை வீட்டுக்காப்பு என்று பல இடங்களில் பரிந்துரைப்பார்கள். அல்கிஸ் காக்கும் என்பது பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டில் வந்த விளக்கம். அதைவிட முக்கியம், நாஜிகள் இந்த இரண்டையும் தங்கள் சின்னங்களாக்கிக்கொண்டார்கள். ஐரோப்பாவில் வசிப்பவர்கள் இவற்றை வாசலில் மாட்டினால் அண்டைவீட்டார் வேறு பொருள் கொள்வார்கள். அவர்கள் அப்படி நினைப்பதில் தவறும் இல்லை. நான் இவற்றைப் பயன்படுத்துவதில்லை.

கத்தி எடுப்பதற்கு முன்

எழுத்துகளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். இதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன். எகில் சாகா என்பது எகில் என்ற வீரக்கவிஞனைப் பற்றிய பழைய ஐஸ்லாந்துக் கதை. அதில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. ஒரு பண்ணைவீட்டில் பெண் ஒருத்தி நோயாகப் படுத்திருக்கிறாள். அவள் படுக்கையைத் தேடிப் பார்த்தால் ரூன் பொறித்த திமிங்கில எலும்பு கிடைக்கிறது. பக்கத்துப் பண்ணை இளைஞன் ஒருவன் காதல் ரூன் என்று நினைத்து அரைகுறையாகப் பொறித்து வைத்தது. எகில் அந்த எழுத்துகளைச் சுரண்டி எடுத்து, எலும்போடு சேர்த்து நெருப்பில் போடுகிறான். பிறகு புதிய ரூன்களைத் தானே பொறித்துத் தலையணைக்கு அடியில் வைக்கிறான். அவள் தேறுகிறாள். படிக்கத் தெரியாதவன் ரூன் பொறிக்கக் கூடாது என்பதுதான் எகில் பாடும் பாட்டின் சாரம்.

ரூன் என்பது முதலில் எழுத்துதான், மந்திரமெல்லாம் அப்புறம். நார்வேயின் பெர்கன் நகரில் 1955-ல் துறைமுகப் பகுதி தீப்பிடித்த பிறகு நடந்த அகழாய்வில் 600-க்கும் மேற்பட்ட ரூன் பொறிப்புகள் கிடைத்தன. மந்திர வாசகங்கள் இருந்தன. சரக்குமூட்டையில் கட்டிய பெயர்ச்சீட்டுகளும் இருந்தன. 'கியூடா உன்னை வீட்டுக்கு வரச் சொல்கிறாள்' என்று ஒரு குச்சியில் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த ரூன் வாசகம் அது.

பழைய வரிசையில் 24 எழுத்துகள். நமக்கு இன்று வேண்டியது மூன்று:

அ: மேலிருந்து கீழாக ஒரு நேர்கோடு. அதன் உச்சியிலிருந்து வலப்பக்கம் கீழ்நோக்கிச் சரியும் சிறு கோடு. அதற்குச் சற்றுக் கீழே அதே சாய்வில் இன்னொன்று.

ல: நேர்கோடு, உச்சியிலிருந்து வலப்பக்கம் சரியும் ஒரே ஒரு சிறு கோடு.

உ: நேர்கோடு. உச்சியிலிருந்து வலப்பக்கம் சரியும் கோடு, அது முடியும் இடத்திலிருந்து செங்குத்தாகக் கீழே இறங்கும் கோடு. அடிப்பக்கம் திறந்திருக்கும்.

மொத்தம் எட்டுக் கோடுகள். தாளில் இருபது முப்பது முறை எழுதிப் பழகுங்கள்.

மரம்

பைன் மரம் நல்லது. பொருள்கள் வரும் மரப்பெட்டிகள் பல பைனில் செய்தவைதான், அதில் ஒரு துண்டு போதும். 10 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலம், 1 செ.மீ. கனம். மரத்தின் நார் நீளவாக்கில் ஓட வேண்டும். உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கிக்கொள்ளுங்கள்.

செதுக்குவது

ரூன் எழுத்துகளில் படுக்கைக் கோடு ஏன் இல்லை என்பது கத்தியை வைத்தவுடன் புரியும். குச்சியைக் குறுக்காகப் பிடித்து எழுதும்போது நேர்கோடுகள் நாரை வெட்டிக்கொண்டு போகும், சாய்வுக் கோடுகளும் அப்படியே. படுக்கைக் கோடு மட்டும் நாரோடு சேர்ந்து ஓடும். மரம் பிளக்கும், கோடு மறையும். நான் முதன்முதலில் மரத்தைத் திருப்பி வைத்து நேர்கோட்டை நாரோடு வெட்டினேன். துண்டு இரண்டாகப் போனது.

பென்சிலால் 2 செ.மீ. உயரத்தில் மூன்று எழுத்துகளையும் இடமிருந்து வலமாக வரையுங்கள். துண்டை மேசையில் கவ்வியால் இறுக்குங்கள். கையில் பிடித்துக்கொண்டு செதுக்க வேண்டாம், கத்தி வழுக்கும். சிறிய, கூரான கத்தியைச் சாய்த்துப் பிடித்துக் கோட்டின் ஒரு பக்கத்தில் வெட்டுங்கள். பிறகு எதிர்ச்சாய்வில் மறுபக்கத்தில் வெட்டினால் நடுவிலிருந்து மெல்லிய சீவல் எழும்பும். 2 மி.மீ. ஆழம் போதும், ஒரே வெட்டில் வர வேண்டியதில்லை. நேர்கோடுகளை முதலில் முடியுங்கள். சாய்வுக் கோடுகள் நேர்கோட்டைத் தொடும் இடத்தில் மெதுவாகப் போங்கள், அங்கேதான் சிராய் பெயரும்.

சீவல்களைத் தனியாக எடுத்து வையுங்கள்.

நிறம்

பழைய ரூன் கற்கள் சிலவற்றில் சிவப்புச் சாயத்தின் எச்சம் இன்னும் ஒட்டியிருக்கிறது. நாம் காவிப்பொடியை ஆளிவிதை எண்ணெயில் குழைத்து, மெல்லிய தூரிகையால் கோடுகளுக்குள் இறக்குவோம். வழிந்ததை உடனே துடைத்துவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: அந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து அப்புறப்படுத்துங்கள்.

ரத்தம் பூச வேண்டும் என்று சிலர் எழுதுகிறார்கள். எகில் சாகாவில் அப்படி ஒரு காட்சி இருப்பது உண்மைதான். வீட்டில் செய்யும் காப்புக்கு அது தேவையில்லை, காவி போதும்.

சாயம் முழுவதுமாகக் காய ஒரு வாரமாவது விடுங்கள்.

வைப்பது

நமக்குக் கிடைத்திருக்கும் பழைய ரூன் காப்புகளில் பல, ஆளோடு இருந்தவை, கழுத்தில், பையில். கதவுக்கு மேலே மாட்டுவது நம் விருப்பத்தில் சேர்வது. ஆனால் வீட்டைக் காக்கும் வழக்கம் அங்கே வேறு உருவில் இருந்தது. கற்காலக் கோடரிகளை இடிக்கல் என்று நம்பி, இடி விழாமலிருக்க வீட்டில் வைத்தார்கள். நார்வேயில் கிறிஸ்துமஸ் சமயத்தில் கதவுகளுக்கு மேல் தாரால் சிலுவை வரைந்தார்கள். அந்த வழியில், உள்பக்க நிலைக்கு மேலே இரண்டு சிறு ஆணிகளில் தாங்கி வைத்தால் பொருத்தமாக இருக்கும். மழைச்சாரல் படாது. வைக்கும்போது சொல்லை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இது பூட்டு போடுவதற்கு மாற்று இல்லை. வாசலைத் தாண்டும்போதெல்லாம் இந்த வீடு நம் பொறுப்பு என்று எனக்கு நினைவுக்கு வருகிறது. அதற்காகவே வைத்திருக்கிறேன்.

கழற்ற நேர்ந்தால்

வீடு மாறும்போதோ, எழுத்து தவறாகப் போனாலோ, மரம் வெடித்தாலோ குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். எகில் செய்தது போலவே செய்யலாம். கத்தியால் எழுத்துகளைச் சுரண்டுங்கள். மரத்துண்டு, சுரண்டிய தூள், எடுத்து வைத்த பழைய சீவல் எல்லாவற்றையும் திறந்த வெளியில் சேர்த்து எரித்துவிடுங்கள். அப்புறம் புதுத் துண்டை எடுத்து, 'அ'வின் நேர்கோட்டிலிருந்து ஆரம்பியுங்கள்.