ஹாம்ஸ்டர் கூண்டைப் பளபளவென்று கழுவாதீர்கள்

எலி மாதிரிச் சின்ன வளர்ப்புப் பிராணி ஹாம்ஸ்டர். எங்கள் வீட்டுக்கு முதல் ஹாம்ஸ்டர் வந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்குக் கூண்டு கழுவும் நாள். மரத்தூள் மொத்தத்தையும் குப்பையில் கொட்டி, தட்டைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, கடைசியில் எலுமிச்சை வாசனைக் கிருமிநாசினியில் ஓர் அலசு. வெயிலில் காயவைத்துப் புதுத் தூள் நிரப்பி உள்ளே விட்டால், அது சாப்பாட்டுக் கிண்ணத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காது. சுவரோரமாக ஓடும், நிற்கும், முதுகை வளைத்து விலாவைச் சுவரில் உரசும், மறுபடி ஓடும். வீடு சுத்தமானதில் அதற்குக் குஷி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வாரா வாரம் அதைத் தெரியாத வீட்டில் கொண்டுபோய் விடுகிறோம் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

ஹாம்ஸ்டருக்குக் கண்பார்வை மந்தம். எது என் இடம், யார் இங்கே வந்துபோனார், வந்தது ஆணா பெண்ணா, எல்லாமே மூக்கு வழிதான். வளர்ப்பு வகைகளில் பெரியதான சிரியன் ஹாம்ஸ்டருக்கு இரண்டு விலாவிலும் ஒவ்வொரு வாசனைச் சுரப்பி இருக்கிறது. ட்வார்ஃப் எனப்படும் குள்ள வகைகளுக்கு அது வயிற்றின் நடுவில். சிரியன் ஹாம்ஸ்டர் அடையாளம் வைப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியும்: முதலில் விலாவை நக்கிக் கோதி முடியை ஈரமாக்கிக்கொள்ளும், அப்புறம்தான் சுவரில் தேய்க்கும். இந்த உரசலுக்கான விசை மூளையில் இருக்கிறது. மூளையின் ஹைப்போதலாமஸ் என்ற பகுதியில் வாசோபிரெசின் என்ற ஹார்மோனைச் செலுத்தினாலே ஹாம்ஸ்டர் உரச ஆரம்பித்துவிடும் என்று 1984-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

ஆகவே மொத்தக் கூண்டையும் ஒரே நாளில் கழுவுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. பெரும்பாலான ஹாம்ஸ்டர்கள் ஒரே மூலையில்தான் சிறுநீர் கழிக்கும். அந்த மூலைத் தூளை மட்டும் ஓரிரு நாளுக்கு ஒருமுறை அள்ளி எடுத்தால் நாற்றத்தில் முக்கால்வாசி போய்விடும். பெரிய சுத்தம் செய்யும் நாளிலும் காய்ந்த பழைய தூளில் மூன்றில் ஒரு பங்காவது எடுத்துவைத்துப் புதியதோடு கலந்துவிடுங்கள். கூடு கட்டிய இடத்தை, ஈரமாகவோ அழுகியோ இல்லாவிட்டால், கலைக்க வேண்டாம். சக்கரம் இந்த வாரம், மரவீடு அடுத்த வாரம் என்று மாற்றி மாற்றிக் கழுவுங்கள். வெந்நீரும் வாசனையில்லாத சோப்பும் போதும். காய்ந்து கெட்டியான சிறுநீர்க் கறைக்கு வினிகர் ஊற்றி ஊறவைத்து, வாடை போக நன்றாக அலசுங்கள். சேர்த்துவைத்த தீனியையும் முழுக்க வாரிவிடாமல், காய், பழத் துண்டுகளை மட்டும் எடுத்தால் சரி.

"அப்படி விட்டால் வீடே நாறாதா?" என்று வீட்டில் கேட்பார்கள். நாறினால் கூண்டு சின்னதாக இருக்கும், இல்லை அந்த மூலையைக் கவனிக்கவில்லை. அதற்காக வாசனை சேர்த்த தூள் வாங்குவது, கூண்டருகே சாம்பிராணி போடுவது, ரூம் ஸ்பிரே அடிப்பது, பாச்சை உருண்டை வைப்பது எல்லாம் விபரீதம். ஹாம்ஸ்டரின் நுரையீரல் ரொம்பச் சின்னது. நல்ல மணம் வீசும் பைன், செடார் தூள்களையும் இதே காரணத்துக்காகத் தவிர்க்க வேண்டும். தண்ணீரில் குளிப்பாட்டுவதும் வேண்டாம். தோலின் எண்ணெய்ப்பசை, அதன் சொந்த வாசனை, உடல்சூடு மூன்றும் ஒன்றாகப் போய்விடும். ஒரு கிண்ணத்தில் சுத்தமான மணல் வைத்தால் தானே புரண்டுகொள்ளும்.

அடுத்தது சுரப்பியைப் புண் என்று நினைப்பது. பக்கத்து வீட்டுப் பையன் ஒருநாள் ஓடிவந்தான், "அண்ணா, ரெண்டு பக்கமும் புண்ணு வந்திருக்கு, அம்மா மஞ்சள் போட்டிருக்காங்க." போய்ப் பார்த்தால் நல்ல வளர்ந்த ஆண் சிரியன். விலாவில் முடி குறைந்து, கறுத்து, கொஞ்சம் பிசுபிசுப்பாக இரண்டு பொட்டுகள். ஆண்களுக்கு இது பெரிதாகவும் கறுப்பாகவும் இருக்கும். மஞ்சள் பூசியதில் பாவம், அது ராத்திரி முழுக்க அதையே நக்கிக்கொண்டிருந்திருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி இருந்தால் சுரப்பி. ஒரு பக்கம் மட்டும் வீங்கினாலோ, ரத்தம், சீழ் கசிந்தாலோ கால்நடை மருத்துவரிடம் போங்கள். ட்வார்ஃப் வகையின் வயிற்றில் மஞ்சளாக மெழுகு போலத் தெரிவதும் சுரப்பிதான். அங்கேயும் வீக்கம் வந்தால் காட்ட வேண்டும்.

பெண் ஹாம்ஸ்டர் வைத்திருப்பவர்கள் பயப்படும் விஷயம் வேறு. நான்கு நாளுக்கு ஒருமுறை கூண்டில் ஒரு காட்டமான வாடை வரும், பின்பக்கம் வெள்ளையாகக் கெட்டியாக ஏதோ தெரியும். அது இனச்சேர்க்கைச் சுழற்சியின் பகுதி. ஆணை இழுக்கும் அந்த வாடையில் டைமெத்தில் டைசல்ஃபைடு என்ற கந்தகச் சேர்மம் இருப்பதை 1976-இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். துடைத்துக் கழுவ வேண்டியதில்லை. ஆனால் நாள் கணக்கு இல்லாமல் தொடர்ந்து கசிந்தால், ரத்தம் கலந்திருந்தால், அது கருப்பைத் தொற்றாக இருக்கலாம். தாமதிக்கக் கூடாது.

இரண்டு சிரியன்களை ஒரே கூண்டில் விடக்கூடாது என்று பலருக்கும் தெரியும். ஆனால் ஒன்றன் சக்கரத்தையோ மணல் கிண்ணத்தையோ அப்படியே இன்னொன்றுக்குக் கொடுப்பார்கள், இரண்டையும் ஒரே இடத்தில் மாற்றி மாற்றி விளையாட விடுவார்கள். அடுத்தவன் வாசனையைக் கண்டால் அதன் மேலேயே தன்னுடையதைப் பூசுவது இவற்றின் வழக்கம். கார்னெல் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஜான்ஸ்டன் செய்த சோதனைகளில், பின்னால் வந்து முகரும் ஹாம்ஸ்டர் மேலே பூசியவனைத்தான் நினைவில் வைத்துக்கொண்டது. சுவரொட்டி மேல் சுவரொட்டி ஒட்டுகிற சமாசாரம்தான். உங்கள் கண்ணுக்குக் காலியான விளையாட்டு இடம், அதன் மூக்குக்கு எதிராளி நிற்கிற இடம். பொதுச் சாமான் என்றால் நடுவில் கழுவுங்கள். முழுக் கழுவல் நியாயமாகிற இடம் இதுதான்.

கையும் அப்படித்தான். மீன் கழுவிய கை, பூண்டு உரித்த விரல், பூனையைத் தடவிய கையோடு உள்ளே விட்டால் கடிதான் கிடைக்கும். வாசனையில்லாத சோப்பில் கழுவிவிட்டு, ஒரு பிடி அதன் பழைய தூளைக் கையில் தேய்த்துக்கொண்டு நீட்டிப் பாருங்கள்.

குட்டி போட்டிருந்தால் இதெல்லாம் இரண்டு மடங்கு. 1930-இல் சிரியாவின் அலெப்போ நகர் அருகே இஸ்ரேல் அஹரோனி என்ற விலங்கியலாளர் ஒரு தாய் ஹாம்ஸ்டரையும் 11 குட்டிகளையும் வளையிலிருந்து தோண்டி எடுத்துப் பெட்டியில் வைத்தபோது, அந்தத் தாய் பக்கத்தில் வந்த குட்டியைக் கொன்றுவிட்டது. கலைத்த கூடும் அந்நிய வாடையும் தாயை அந்த அளவுக்கு மிரட்டும். முதல் இரண்டு வாரம் கூட்டைத் தொடாதீர்கள், தூள் மாற்றாதீர்கள். தண்ணீரும் தீனியும் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். ஒரு குட்டி கூட்டுக்கு வெளியே கிடந்தால்கூடக் கொஞ்சம் பொறுங்கள், பெரும்பாலும் தாயே கவ்விக்கொண்டு போய்விடும். நேரமாகியும் வரவில்லை என்றால் அதன் பழைய தூளில் தேய்த்த ஒரு ஸ்பூனால் தூக்கி வையுங்கள்.